அண்ணனை எந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போவது? திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் தேடுகிறேன்

காலடிப்பேட்டை தங்கை
திங்கள், இரவு 10:50

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணனுக்கு 38 வயது. துறைமுகத்திலிருந்து மணலி யார்டுக்கு கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். 12 வருடமாகக் குடி. முதலில் வண்டியை விட்டுவிட்டு வந்து ராத்திரி ஒரு குவார்ட்டர். இந்த 2 வருடமாக, முந்தின நாள் எடுத்துவைத்த கட்டிங்கைக் காலையில் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது. அண்ணி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரியில் அவர் அம்மா வீட்டுக்குப் போய் 7 மாதம் ஆகிறது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. ஒவ்வொரு கார்த்திகையும் மாலை போடுவார். 48 நாள் ஒரு சொட்டு தொடமாட்டார். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், தரையில் படுக்கை, வீட்டில் எல்லோரிடமும் அவ்வளவு அன்பு. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று இரவே பழைய ஆள். "48 நாள் முடிகிறவனுக்கு 49-வது நாள் ஏன் முடியவில்லை" என்று அம்மா கேட்டுக் கேட்டு அழுவார்.

இரண்டு வாரம் முன்னால், விரதம் எதுவும் இல்லாமல் தானாகவே நிறுத்துகிறேன் என்றார். இரண்டாம் நாள் சாயங்காலம் வலிப்பு வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் 9 நாள் வைத்திருந்து சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை மட்டும் போதாது, ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக நின்று குடியை விடும் அமைப்பு) மாதிரி ஒரு கூட்டத்தில் சேருங்கள் என்று டாக்டர் சொன்னார். அதை எங்கே தேடுவது? தமிழில் பேசுவார்களா? பணம் கட்ட வேண்டுமா? நான் கூடப் போகலாமா? அண்ணனுக்கு ஒரே பயம்தான்: "அங்கே போனால் ஏரியா முழுக்கத் தெரிந்துவிடும்."

வியாசர்பாடி 11 வருடம்
செவ்வாய், காலை 5:40

தங்கச்சி, நான் ஒரு குடிநோயாளி. கடைசியாகக் குடித்து 11 வருடம் ஆகிறது. முதலில் அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் அம்மாவும் அதையே கேட்டார்.

மாலை போட்ட 48 நாளும் உங்கள் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சாமி என்கிறார்கள். கூடக் குடித்தவனே அவர் வந்தால் டம்ளரை மறைத்துக்கொள்கிறான். சாயங்காலம் 7 மணிக்கு பஜனை இருக்கிறது. தடுமாறினால் கேட்க குருசாமி இருக்கிறார். மாலையைக் கழற்றியதும் இது அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. மிச்சம் அவர் ஒருவர்தான், அதுவும் அதே 7 மணிக்கு, டாஸ்மாக் 10 மணி வரை திறந்திருக்கும்போது. அவரைத் தாங்கியது பக்தி மட்டும் இல்லை, கூட ஆட்கள் இருந்தார்கள். காசிமேட்டில் என் கூட்டாளி ஒருவர் தவக்காலம் 40 நாளும் அப்படித்தான் இருப்பார், ஈஸ்டர் அன்று மதியமே விழுவார். ஏஏ எனக்கு அந்த பஜனையையும் குருசாமியையும் கொடுத்தது, கழற்றும் தேதி இல்லாமல்.

அப்புறம் உங்கள் கேள்விகள். பணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், டீ செலவுக்கும் வாடகைக்கும் முடிந்தவர் போடுவார், முடியாதவர் அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. முழுப்பெயர், முகவரி, வேலை எதையும் கேட்கமாட்டார்கள். சென்னையில் தமிழிலேயே நடக்கும் குழுக்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் சர்ச் வளாகத்தில் ஓர் அறை, இல்லையென்றால் பள்ளிக்கூட வகுப்பறை. ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் தன் கதையைச் சொல்வார், அதை ஷேரிங் என்போம். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள், அறிவுரை சொல்லமாட்டார்கள். முதல் நாள் உங்கள் அண்ணன் வாயே திறக்க வேண்டாம். நான் 4 கூட்டம் சுவரோரம் உட்கார்ந்து டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

நீங்கள் கூடப் போக வேண்டுமென்றால் "திறந்த கூட்டம்" எந்த நாள் என்று கேளுங்கள். அதில் குடும்பத்தார் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். ஏஏ இந்தியா இணையதளத்தில் ஊர்வாரியாக இருக்கிறது. ஆனால் அதை அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள். முதலில் போன் செய்து, இந்த வாரம் நடக்கிறதா, எந்த வாசல், யாராவது வெளியே நிற்பார்களா என்று கேளுங்கள். எடுப்பவரும் எங்களில் ஒருவர்தான். கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

வார்டு அக்கா
செவ்வாய், மதியம் 2:15

தங்கச்சி, நான் அரசு மருத்துவமனை செவிலியர், 19 வருட சர்வீஸ். கூட்டத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். அந்த வலிப்பைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்.

தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வேர்வை, வாந்தி தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதையும் தாண்டி 2, 3-வது நாளில் ஆள் குழம்பிப்போய், சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார். வார்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன், உயிர் போகும் நிலை அது. பேய் பிடித்திருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் தாமதித்து அழைத்து வருபவர்களும் உண்டு. அந்த நேரத்தில் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த முறை உதறல் இன்னும் கடுமையாக வர வாய்ப்பு அதிகம். மாலை போட்ட காலத்தில் ஒன்றும் ஆகவில்லையே, இப்போது ஏன் வலிப்பு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இது ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் மறுபடி குடித்துவிட்டார் என்றால், திட்டி அறையில் பூட்டி நிறுத்தவைக்காதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வருவதும் வேண்டாம். குடிப்பவர்களுக்கு பி1 வைட்டமின், அதாவது தயமின், குறைந்திருக்கும். குளுக்கோஸோடு அதையும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மூளை பாதிக்கலாம்.

ஒரு குவார்ட்டர்தானே என்று வீட்டில் சொல்வார்கள். 180 மில்லியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால் சுமார் 60 கிராம். 10 கிராம் ஒரு அளவு என்று கணக்கு வைத்தால் 6 அளவு. தினமும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலை ஓபி சீட்டு போட்டால் போதும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் போதை மீட்புக்குத் தனிப் பிரிவே உண்டு. அங்குள்ள சமூகப் பணியாளரிடம் பக்கத்து ஏஏ குழு எது என்று கேளுங்கள், சொல்வார்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இரண்டும் இலவசம்.

பெரம்பூர் லோகோ
செவ்வாய், இரவு 9:05

9 வருடம் ஆகிறது எனக்கு. ஏரியாவில் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அதனால் நான் பெரம்பூரை விட்டுவிட்டு ரயிலேறி தாம்பரம் பக்கம் ஒரு குழுவுக்குப் போனேன், முதல் 3 மாதம். யாரும் பார்க்கவில்லை, நிம்மதியாகப் பேசினேன். அண்ணனை முதலில் தூரமான இடத்துக்கு அழைத்துப் போங்கள். மெட்ரோ இருக்கிறது, காலடிப்பேட்டையில் ஏறினால் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

வியாசர்பாடி 11 வருடம்
செவ்வாய், இரவு 9:40

இதில் எனக்கு வேறு கருத்து, லோகோ அண்ணா. உங்களுக்கு ரயில்வே வேலை, நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். டிரெய்லர் ஓட்டுபவர் 6 மணிக்கு யார்டில் கியூவில் நிற்பார். தாம்பரம் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இரண்டாவது வாரம் "இன்று முடியாது" என்பார். மூன்றாவது வாரம் அதைச் சொல்லவும் மாட்டார். மனசு அரிக்கும்போது செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போகிற தூரத்தில் கூட்டம் இருக்க வேண்டும்.

தெரிந்தவர்கள் இருப்பார்கள்தான். எங்கள் குழுவில் நான் முதல் நாள் பார்த்தது என் தெரு ஐயர்ன் கடைக்காரரை. அவர் என்ன காரணத்துக்கு அங்கே உட்கார்ந்திருந்தாரோ அதே காரணத்துக்குத்தான் நானும் போனேன். இன்றுவரை அவர் வீட்டுக்குக்கூட என்னைப் பற்றித் தெரியாது. அறையில் கேட்டது வெளியே போகாது, அது எங்கள் கட்டுப்பாடு. நான் குடித்துவிட்டு மார்க்கெட் ரோட்டில் விழுந்து கிடந்ததை வியாசர்பாடியே பார்த்தது, அப்போது வராத வெட்கம் நல்லாவதற்குப் போகும்போது எதற்கு?

பெரம்பூர் லோகோ
செவ்வாய், இரவு 10:10

கியூ விஷயம் எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதல் ஒரு கூட்டமாவது தூரத்தில் இருக்கட்டும். அவர் விருப்பத்தைக் கேளுங்கள் தங்கச்சி, நாம் இருவரும் சொல்வதைவிட அதுதான் முக்கியம்.

கொருக்குப்பேட்டை கருஞ்சட்டை
புதன், காலை 8:20

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஏஏ-யின் 12 படிகளில் கடவுள் வருகிறார், சர்ச் கட்டடத்தில் நடக்கிறது, முடிவில் ஒரு பிரார்த்தனை சொல்கிறார்கள். என்னால் முதல் முறை உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். எழுந்து வந்த கோபத்தில் 5 மாதம் குடித்தேன்.

பிறகு உட்கார்ந்து தேடிப் படித்தேன். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை டாக்டரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். தன்னைப்போல் ஒருவனிடம் பேசினால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று தரகர் கண்டுகொண்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. 2020-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று வந்தது, 27 ஆய்வுகள், 10,000-க்கும் மேற்பட்டவர்கள். ஏஏ வழியில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சை, மற்ற மனநல சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் கூடுதல் பலனும் தருகிறது என்று அதில் இருக்கிறது.

மறுபடி போனேன். "உயர்ந்த சக்தி என்பதற்கு நீங்கள் எதை வைத்துக்கொள்கிறீர்கள்" என்று என் ஸ்பான்சரிடம், அதாவது எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினரிடம், கேட்டேன். அவர் அந்த அறையில் இருந்த 14 பேரைக் காட்டினார். அதை என்னால் ஏற்க முடிந்தது. பிரார்த்தனை நேரத்தில் நான் சும்மா நிற்பேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஸ்மார்ட் ரிக்கவரி என்று கடவுள் பேச்சே இல்லாத முறை ஒன்று உண்டு, ஆன்லைனில் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து வீட்டுக்குப் பக்கத்தில் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது ஏஏ-தான், அதனால் நான் அங்கேயே இருக்கிறேன். 4 வருடம்.

எண்ணூர் அலை
புதன், மதியம் 12:30

தங்கச்சி, எல்லோரும் அண்ணனைப் பற்றியே பேசுகிறார்கள். உன்னையும் அம்மாவையும் அண்ணியையும் யார் பார்ப்பது? குடிப்பவரின் வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது, 1951-லிருந்து நடக்கிறது. அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நாம் போகலாம். என் கணவர் ஏஏ-வுக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பே நான் அங்கே போனேன். பாட்டிலைத் தேடித் தேடிக் கொட்டுவதை அங்கேதான் விட்டேன். நீ குடிக்கவைக்கவில்லை, உன்னால் நிறுத்தவும் முடியாது என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அன்று இரவு பல வருடம் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

நான் செய்த இரண்டு தப்பைச் சொல்கிறேன், நீ செய்யாதே.

ஒன்று, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலந்தது. பேப்பர் விளம்பரம் பார்த்து வாங்கினேன். அன்றும் அவர் குடித்தார். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துச் சரிந்துவிட்டார். டைசல்ஃபிரம் வகை மருந்தாக இருந்திருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் எடுக்க வேண்டியது அது. சொல்லாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டு, ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தது. ராத்திரி வேனில் 4 பேர் வந்து தூக்கிப் போனார்கள். 3 மாதம் பார்க்கவோ பேசவோ விடவில்லை. திரும்பி வந்தபோது மணிக்கட்டில் தழும்பு இருந்தது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது, பார்வையாளரைச் சந்திக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கே சேர்ப்பதானாலும் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்.

எல்லா இடமும் அப்படி இல்லை. அடையாறு பக்கம் இந்திரா நகரில் இருக்கும் டிடிகே மருத்துவமனை, கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மா 1980-ல் தொடங்கியது. குடும்பத்தையும் கூட உட்காரவைத்துச் சிகிச்சை தருகிறார்கள். எங்களுக்கு எண்ணூரிலிருந்து தூரம், ஆனாலும் அங்கேதான் அவர் எழுந்தார்.

பெயர் வேண்டாம்
புதன், இரவு 11:55

பெண்களுக்கும் இருக்கிறதா? எனக்குத்தான்.

எண்ணூர் அலை
வியாழன், காலை 6:10

இருக்கிறது கண்ணம்மா. எந்தக் கூட்டத்துக்கும் நீ போகலாம். ஆண்கள் நிறைந்த அறைக்கு முதலில் போகக் கூச்சமாக இருந்தால் ஆன்லைனில் பெண்கள் மட்டும் சேரும் கூட்டங்கள் நடக்கின்றன, கேமராவை அணைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டால் போதும். ஏஏ உதவி எண்ணில் பெண் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேள், ஏற்பாடு செய்வார்கள். நீ தினமும் குடிப்பவள் என்றால் வார்டு அக்கா மேலே சொன்னதை முதலில் படி. எனக்குத் தனிச்செய்தி அனுப்பு. எப்போது வேண்டுமானாலும்.

காலடிப்பேட்டை தங்கை
சனி, இரவு 11:20

நேற்று போனோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணனிடம் தூரமா பக்கமா என்று கேட்டேன். "பக்கத்திலேயே போகலாம், திரும்பி வர வழி தெரிந்திருக்க வேண்டும்" என்றார். ஆனால் நான் போன் செய்யாமல் பட்டியலில் இருந்த முகவரிக்கு நேராக அழைத்துப் போய்விட்டேன். வியாசர்பாடி அண்ணன் அவ்வளவு சொல்லியும். கதவு பூட்டியிருந்தது. திருவிழா வேலை நடப்பதால் அந்த அறையில் இந்த வாரம் கூட்டம் இல்லை என்று காவலாளி சொன்னார்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. "பார்த்தாயா, எனக்கு விதித்தது அவ்வளவுதான்" என்று திரும்பி நடந்தார். எதிர்ப்பக்கம் 200 அடியில் டாஸ்மாக். மணி 7:10. எனக்குக் கை கால் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே ஏஏ உதவி எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அவர் இப்போது உங்கள் பக்கத்தில் நிற்கிறாரா? போனை அவரிடம் கொடுங்கள்."

என்ன பேசினார்களோ தெரியாது. அண்ணன் "ம்", "ம்" என்றே சொன்னார். 20 நிமிடத்தில் பெரியவர் ஒருவர் டிவிஎஸ் 50-யில் வந்தார், ரப்பர் செருப்பு, லுங்கி. இன்னொரு குழுவுக்குப் பாதி வழியில் இருந்தவராம். வண்டியைப் பூட்டிவிட்டு எங்களோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். நாங்கள் போனபோது கூட்டம் முக்கால்வாசி முடிந்திருந்தது. கதவருகே இருந்தவர் எழுந்து அண்ணனுக்கு நாற்காலி கொடுத்தார். மூடிய கூட்டம் என்பதால் நான் வெளியே படியில் உட்கார்ந்தேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். குடியைப் பற்றிப் பேசும் இடத்தில் சிரிப்பு கேட்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

வரும் வழியில் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "ஒருத்தர் மாலை கழட்டின கதையைச் சொன்னார்மா, என் கதை மாதிரியே இருந்தது" என்றார்.

வியாசர்பாடி 11 வருடம்
ஞாயிறு, காலை 5:30

அந்தப் பெரியவர் யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். இன்றும் அழைத்துப் போங்கள், நாளையும். முதல் 90 நாளில் எத்தனை கூட்டம் முடியுமோ அத்தனை. அவருடைய போன் நம்பரை அண்ணன் வாங்கியிருந்தால், குடித்த பிறகு இல்லை, குடிக்கத் தோன்றும்போது கூப்பிடச் சொல்லுங்கள்.

காலடிப்பேட்டை தங்கை
திங்கள், இரவு 8:45

இதை அண்ணன் என் போனிலிருந்து சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன்.

"எல்லோருக்கும் நன்றி. 3 கூட்டம் போய்விட்டேன். வியாழன் அன்று நெல்லூர், விசாகப்பட்டினம் லோடு வருகிறது, போனால் 5 நாள். 3 வாரமாக வருமானம் இல்லை. வழியில் கூட்டம் இருக்குமா? தெலுங்கு கொஞ்சம் புரியும்."

பெரம்பூர் லோகோ
திங்கள், இரவு 9:00

விசாகப்பட்டினத்தில் நிச்சயம் உண்டு தம்பி. மொழி புரியாவிட்டாலும் உட்கார்ந்துவிட்டு வரலாம், நான் கரக்பூரில் வங்காளிக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கேபினில் இருந்தபடியே தமிழ் ஆன்லைன் கூட்டத்திலும் சேரலாம்.

வார்டு அக்கா
திங்கள், இரவு 9:20

கொஞ்சம் நில்லுங்கள். தம்பி, டிஸ்சார்ஜ் சீட்டில் இன்னும் லோரஸிபாம், குளோர்டயசிபாக்சைடு மாதிரி மாத்திரை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அவை தூக்கத்தைத் தரும், அதைப் போட்டுக்கொண்டு டிரெய்லர் ஓட்டவே கூடாது. அதோடு உங்களுக்கு வலிப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 40 அடி கண்டெய்னரோடு ஜிஎன்டி ரோட்டில் மறுபடி வந்தால் நீங்கள் மட்டும் போகமாட்டீர்கள். எப்போது ஸ்டியரிங் பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

காலடிப்பேட்டை தங்கை
செவ்வாய், இரவு 7:50

அண்ணன் சொல்வது: "சீட்டில் இருக்கிறது, இன்னும் 6 நாள் பாக்கி. ஓனரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், யார்டில் சீல் சரிபார்க்கும் வேலை தருகிறேன் என்றார், பேட்டா மட்டும். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். நாளை கூட்டம் இருக்கிறது, ஆனால் தங்கைக்கு நைட் ஷிப்ட். பெரியவர் ஊரில் இல்லை. அந்த டாஸ்மாக்கைத் தாண்டித் தனியாக நடக்க இப்போது வேண்டாம் என்று நினைக்கிறேன். யாராவது வருகிறீர்களா?"

கொருக்குப்பேட்டை கருஞ்சட்டை
செவ்வாய், இரவு 7:58

நான் வருகிறேன் தோழர். தேரடி மெட்ரோ, கோயில் பக்கம் இறங்கும் வாசல். 6:30-க்கே நிற்பேன். கறுப்புச் சட்டை, கையில் எவர்சில்வர் டிபன் கேரியர் இருக்கும். சாப்பிடாமல் வாருங்கள்.